தங்கம் போட்டுவரக் கூடாத அறை

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. காலையில் மழை. வலியசாலையிலிருந்து குடை பிடித்துக் கிழக்கேகோட்டை வரை நடந்தேன். பஸ் கிடைத்தது, உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் வழக்கம்போல் உலையைப் போட்டேன். அது சூடேறுவதற்குள் முந்தின நாள் உருக்கிய மண்கிண்ணங்களான மூசைகளைத் துடைத்து அடுக்கினேன். பதினோரு மணிக்குச் சாயா. மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோன சோறும் புளிசேரியும். அதற்குப் பிறகு இரண்டு மாதிரிகளை உருக்கி, தங்கத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் நின்ற ஈயக் கட்டிகளைத் தட்டி எடுத்து ஆறவைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் மேடம் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எங்காத்துக்காரருக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு நான் எடுத்தேனே, அந்த டெஸ்ட். அதோட ரிசல்ட்டை எடுத்துடு" என்றார்.

"எடுத்துடுன்னா, மேடம்?"

"அப்படி ஒண்ணு நடக்கலைன்னு வெச்சுக்கோ. அது சரியில்லை."

அந்த முடிவைப் பிரிவுத் தலைவர் முந்தின நாள்தான் மேசையில் வைத்து எல்லோருக்கும் லட்டு கொடுத்திருந்தார்.

மேடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எந்தக் காகிதத்திலும் தன் பெயர் தேவைக்கு மேல் வருவதை அவர் விரும்பியதில்லை. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவர் மேடம். வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிய அக்ரகாரத்தில் அவருடைய வீடு. என் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை இருந்ததால் அந்த வீட்டுக்கு அரிசி எங்களிடமிருந்துதான் போகும். ஆகவே அவரை அலுவலகத்தில் பார்ப்பதற்கு முன்பே, தெரு அவரைப் பற்றிப் பேசியதை நான் கேட்டிருந்தேன்.

தெரு பேசியது அவருடைய கழுத்தைப் பற்றி. வேலைக்குப் போகும் நாட்களில் அவர் கழுத்தில் தங்கத் தாலி இருக்காது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டுதான் தொங்கும். தாலியை அடகு வைத்த பெண்கள் திரும்ப மீட்கும் வரை அப்படித்தான் கட்டிக்கொள்வார்கள். புருஷனுக்கு வங்கி வேலை, பெண்டாட்டிக்கு ஆராய்ச்சி வேலை, இந்த வீட்டில் அடகு வைக்க என்ன வந்தது என்று தெருவுக்குத் தீராத கேள்வி. அவருடைய மாமியார் எங்கள் கடையில் நின்றுகொண்டு ஒருநாள் சொன்னது நினைவிருக்கிறது. "ஆபீஸ்ல ஆகாதாம். கேட்டா சயன்ஸ்ங்கறா. சனி ஞாயிறு மட்டும் இவ சுமங்கலி."

அது ஏன் ஆகாது என்பது நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது.

எங்களுக்கு வந்தது ஒரு பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு. பாறையை இடித்து, அரைத்து, எடுக்க முடிந்த தங்கத்தையெல்லாம் எடுத்துவிட்டு அந்தக் காலத்தில் குளம்போலத் தேக்கிவைத்த சேறு. முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைசாக இருக்கும். அதில் இன்னும் கொஞ்சம் தங்கம் உண்டு. ஆனால் கண்ணுக்கோ சல்லடைக்கோ அகப்படாத தங்கம். கரடுமுரடான மணலாக இருந்தால் மேலே சயனைடு தண்ணீரை ஊற்றிக் கீழே வடித்துக்கொள்ளலாம். தண்ணீர் இறங்கும்போதே தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். இந்தச் சேற்றில் தண்ணீர் இறங்காது. களிமண் போல இறுகிக்கொள்ளும். எனவே தொட்டியில் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சுண்ணாம்பு, இல்லையென்றால் சயனைடு விஷவாயுவாக மேலே வந்துவிடும். பிறகு மிகக் கொஞ்சமாகச் சயனைடு. அடியிலிருந்து காற்று. ஒரு பகலும் ஓர் இரவும் கலக்கினால் தங்கம் தண்ணீருக்குள் வந்திருக்கும். சேற்றை வடிகட்டி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இருப்பதை அளக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு சேற்றிலேயே தங்கிவிட்டது என்று பார்ப்பது என் உலையின் வேலை.

தொட்டிகள் இருந்த அறை அவருடையது. புதிதாக வருகிறவர்களிடம் அவர் ஒரே பாடத்தைத்தான் சொல்வார்.

"இங்கே பயப்பட ரெண்டு இருக்கு. ஒண்ணு சயனைடு. அதுக்கு நீங்களே பயந்துப்பேள், நான் சொல்ல வேண்டாம். இன்னொண்ணு உங்க மோதிரம். தொட்டியிலே இருக்கற மொத்தத் தங்கத்தையும் சேத்தா ஒரு கடுகு வராது. உங்க மோதிரம் லேசா நனைஞ்சா அதைவிட ஜாஸ்தி கரையும். அப்பறம் நாம சுரங்கத்தை அளக்கறோமா, உங்க மாமனாரை அளக்கறோமான்னு தெரியாது."

சிரிக்காமல்தான் சொல்வார். கேட்பவர்கள் சிரித்துவிட்டுக் கழற்றுவார்கள்.

ரோஸ்லியால் மட்டும் கழற்ற முடியவில்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவள், நாற்பது வயது, தினக்கூலியில் தொட்டிகளைக் கழுவுகிறவள். சிறுவயதில் போட்ட மூக்குத்தி சதையோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. "அறுத்துத்தான் எடுக்கணும் மேடமே, மூக்கையும் சேத்து" என்று சொன்னாள். மேடம் மறுநாள் பிளாஸ்திரிச் சுருள் ஒன்று வாங்கிவந்தார். அன்று முதல் தினமும் காலையில் ரோஸ்லியின் முகத்தைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, சிறு துண்டு வெட்டி, மூக்குத்தி மேல் ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்திவிடுவார். அதை ரோஸ்லியே ஒட்டிக்கொண்டால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "அவ ஒட்டினா சரியா ஒட்டித்தான்னு எனக்கு நாள் பூரா சந்தேகமா இருக்கும். நான் ஒட்டினா இருக்காது. அவ்வளவுதான்" என்றார்.

அவருடைய குணத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். தப்பு நடந்துவிட்டது என்று நிரூபணமானால் எல்லோரும் திருத்திக்கொள்வோம். அவருக்கு நிரூபணம் வேண்டாம், சந்தேகம் வந்தாலே போதும். வீட்டிலும் அப்படித்தான். ஒரு விசேஷத்தன்று அடுப்படியில் மண்ணெண்ணெய்ப் புட்டி கவிழ்ந்தபோது, பக்கத்தில் இருந்த சாம்பாரில் தெறித்திருக்குமோ என்று யாரோ வாய்தவறிச் சொன்னார்களாம். மாமியார் முகர்ந்து பார்த்து இல்லை என்றார். சமையல்காரர் இல்லை என்றார். இவர் அண்டாவோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினார். "அவகிட்டே சந்தேகம்னு மட்டும் சொல்லிடாதேங்கோ" என்பது அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மாமியார் தரும் எச்சரிக்கையானது.

எனக்கு அவரிடம் பிரியம் உண்டு. ஆனால் கூடவே வேலை செய்வது எளிதாக இல்லை என்பதையும் எழுத வேண்டும். நான் எடை போட்டுக் கொடுத்த தங்கத் துளியைத் திரும்பவும் எடைபோடச் சொல்வார். என்மேல் நம்பிக்கையில்லையா என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன். "உன்மேலே இருக்கு. மழையன்னிக்கு அந்தத் தராசு மேஜைமேலே இல்லை" என்றார். திரும்பவும் எடைபோட்டேன்.

சேற்றை அனுப்பிய கம்பெனியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தபோது நடந்ததும் தெருவரைக்கும் வந்த கதை. கையில் நவரத்தின மோதிரம், கழுத்தில் தடித்த சங்கிலி. மேடம் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"சார், கழட்டி வெச்சுட்டு வாங்கோ."

"நான் எதையும் தொடப்போறதில்லையே."

"தொடலைன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

ஜோசியர் சொல்லிப் போட்ட மோதிரம், கழற்ற மாட்டேன் என்றார் அவர். அப்படியானால் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றார் இவர். ஒரு ஸ்டூலையும் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே போடச் சொன்னார். பிரிவுத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதிகாரி உண்மையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து கால்மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கம்பெனியின் ஆர்டரில்தான் எங்கள் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது. சேற்றிலிருந்து அவர்கள் கேட்கும் அளவு தங்கம் வெளியே வருகிறது என்று காட்டினால் அடுத்த கட்டம் உண்டு. காட்டாவிட்டால் பிரிவை மூடிவிட்டு நிரந்தரக்காரர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். ரோஸ்லியைப் போல் தினக்கூலியில் இருந்த ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். பல மாதங்களாக முடிவு அந்த அளவை எட்டாமல் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டிருந்தது. மேடம் சுண்ணாம்பை மாற்றிப் பார்த்தார், காற்றைக் கூட்டிப் பார்த்தார். அவர் நடுவில் விட்டுப்போன சோதனை ஒன்றுதான் அளவைத் தாண்டியது. லட்டு அதற்காக.

விட்டுப்போனதற்குக் காரணம் அவருடைய கணவரின் ஆபரேஷன். இதய வால்வு. அன்று விடியற்காலையில் மாமியார் தங்கத் தாலியை எடுத்துக்கொண்டு வந்து இவர்முன் நின்றாராம். "நான் உன்னை இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை. இன்னிக்கு ஒருநாள் இதைக் கட்டிக்கோ. அவன் அங்கே கிழிச்சுப் போட்டுண்டு படுத்திருக்கச்சே உன் கழுத்துலே மஞ்சத்துண்டைப் பாக்க என்னாலே ஆகாது." இவரும் கட்டிக்கொண்டார். அன்றைக்கு வேலைக்கு வரும் எண்ணமே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ரோஸ்லி போன் செய்தாள்: கலக்கும் மோட்டார் நின்றுவிட்டது, சேறு அடியில் படிகிறது. நானும் அன்று விடுப்பு. படிந்து இறுகிவிட்டால் முந்தின நாளிலிருந்து நடந்த சோதனை வீண். ஆட்டோவில் நேராக வந்தார். எலெக்ட்ரீஷியன் மோட்டாரைச் சரிசெய்யும் வரை மரத் துடுப்பால் கையாலேயே கலக்கினார். பிறகு அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

விடுப்பு முடிந்து அவர் திரும்பிய முதல் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலையில் தாலியைக் கழற்றி மஞ்சள் துண்டைக் கட்டும்போதுதான், அன்று தாலியோடேயே தொட்டியின்மேல் குனிந்தது ஞாபகம் வந்திருக்கிறது.

"நெனவு வந்ததும் சொல்லக்கூடாதா? சாயங்காலம் வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

பதிலை ரோஸ்லி சொன்னாள். அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அக்கா, காலையிலேந்து இவங்க அந்தக் காலித் தொட்டி முன்னால குனிஞ்சு குனிஞ்சு எந்திக்கியாங்க. கழுத்துல ஒரு சணல் கயித்தக் கெட்டி, நுனியில ஒரு சாவியத் தூக்கிப் போட்டு. நான் பயந்துட்டேன்."

தாலிச் சங்கிலியின் நீளத்துக்குக் கயிறு. துடுப்பைப் பிடித்துக் குனிந்தால் சாவி சேற்றைத் தொடுமா என்று பார்த்திருக்கிறார்.

"தொடுதா, மேடம்?"

"இப்படிக் குனிஞ்சா தொடலை. கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சா தொடறது. அன்னிக்கு நான் எப்படிக் குனிஞ்சேன்? தாலி புடவைக்குள்ளே இருந்துதா, வெளியிலே தொங்கித்தா? என் மனசு பூரா ஆஸ்பத்திரியிலே இருந்தது. எனக்கே தெரியலை."

பிரிவுத் தலைவர் கொல்லத்துக்காரர். எங்களோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நாங்கள் அவர் அறைக்குப் போனோம், மேடம் நடந்ததைச் சொன்னார்.

"மேடம், இது வெறும் சம்சயம் மாத்ரமல்லே? பட்டதுன்னு உறப்பிச்சு, நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்போ படலேன்னு வெச்சூடே?"

"படலைன்னும் சொல்ல முடியாது சார். அதுதான் காரணம்."

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று அவர் நினைவூட்டினார். பையில் இன்னும் ஒரு சோதனைக்குச் சேறு இருக்கிறது, வெள்ளிக்குள் திரும்பச் செய்துவிடலாம் என்றார் மேடம். அதிலும் குறைந்தால்? குறைந்தால் குறைந்தது என்றே கொடுங்கள் என்றார். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி, "சரி, செய்யின்" என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் ரோஸ்லி வழியை மறித்தாள். அவள் அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"மேடமே, ஒங்களுக்கு நாளைக்கு வேற செக்ஷன்ல நாற்காலி உண்டு. எனக்கு எங்க உண்டு? எனக்க மொவ இந்த வருசம்தான் நர்ஸ் படிப்புக்குச் சேந்திருக்கா. ஒங்க கழுத்துல கிடந்தது தண்ணியத் தொட்டுதோ இல்லியோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும். அவரு வந்து கேக்கப்போறாரா? நீங்க வாய் தொறந்து மிண்டாம இருந்தா ஆருக்கு என்ன சேதம்?"

ரோஸ்லியின் மூக்கில் பிளாஸ்திரி ஒரு ஓரம் எழும்பியிருந்தது. மேடத்தின் கை அனிச்சையாக அங்கே போனது. ரோஸ்லி முகத்தை விலக்கிக்கொண்டாள்.

அன்று மேடமும் நானும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். பழவங்காடியில் இறங்கி நடக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சயனைடு பட்ட தங்கம் பட்ட இடத்தில் மட்டும் கழுவினாற்போல் வெளுத்துப் பளபளக்கும். தாலியின் அடிநுனி மட்டும் அப்படி இருந்தால் பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முழுக்க ஒரே அழுக்காக இருந்தால் படவில்லை. சாலையில் எங்கள் கடைக்குப் பக்கத்துத் தட்டாரிடம் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளுக்குள் எனக்கு ரோஸ்லிக்காக ஆசை இருந்தது. தாலி அழுக்காக இருக்க வேண்டும்.

கணவர் கூடத்தில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமியார் பூஜை அலமாரியிலிருந்து தாலியை எடுத்துத் தந்தார். லென்ஸில் பார்த்தேன். நுனி பளபளத்தது. மேலேயும் பளபளத்தது. கொக்கி, சங்கிலி, குண்டுமணிகள், எல்லாமே புதிதுபோல் இருந்தன.

"மாமி, இதை யாராவது கழுவினீங்களா?"

"ஏன், நான்தான். அவன் பொழைச்சு வந்திருக்கானேன்னு, இன்னிக்குக் காத்தால இவ கழட்டினதும் பூந்திக்கொட்டையை ஊற வெச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். அம்பாளுக்குச் சாத்திட்டு எடுத்து வெச்சிருக்கேன். நன்னா இருக்கோன்னோ?"

நான் லென்ஸை மடக்கினேன். மேடம் சுவரில் சாய்ந்து, வெகுநாளைக்குப் பிறகு, லேசாகச் சிரித்தார். "எடை போட்டுப் பாக்கலாம்னு சொல்லப்போறே. இருபது வருஷமாத் தேய்ஞ்சிண்டிருக்கு. எந்த எடையோட ஒப்பிடுவே?"

விஷயம் என்ன என்று மாமியார் கேட்டார். மேடம் எதையும் மறைக்காமல் சொன்னார். மாமியார் முகம் சிவந்தது.

"நீ கட்டிண்டதாலேதான் என் பிள்ளை எழுந்து உக்காந்திருக்கான். அதைப் போய்த் தப்புங்கறியே."

"அம்மா, என்னை எழுப்பினது டாக்டர்" என்றார் கணவர்.

"டாக்டர் பாட்டுக்கு டாக்டர். நீ சும்மா இருடா."

"கட்டிண்டது தப்புன்னு நான் சொல்லலையே அம்மா" என்றார் மேடம். "அதைக் கட்டிண்டு தொட்டிகிட்டே போனதுதான் தப்பு. மறுபடியும் அன்னிக்கு நீங்க கேட்டா மறுபடியும் கட்டிப்பேன்."

மாமியார் தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். போகும்போது என்னிடம், "சாப்பிட்டுட்டுப் போ. சாம்பார் இருக்கு. யாரும் இன்னும் சந்தேகப்படலை" என்றார்.

வெள்ளிக்கிழமை என்ன ஆனது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். திரும்பச் செய்த சோதனையில் வந்த தங்கம் அவர்கள் கேட்ட அளவுக்குச் சற்றே கீழே நின்றது. எவ்வளவு சற்றே என்றால், முதல் முடிவும் உண்மையாக இருந்திருக்கலாம் என்று சொல்ல இடம் வைக்கும் அளவுக்கு. இன்றுவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. மழைக்காலம் முடிவதற்குள் பிரிவை மூடினார்கள். ரோஸ்லி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். மகளின் படிப்பு எப்படியோ நிற்கவில்லை. மேடம் வேறு பிரிவில் எட்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றார். பிரிவை மூடியதற்கு அவர்தான் காரணம் என்று பலர் அவர் காதுபடவே பேசினார்கள். இருக்கலாம் என்று அவரும் சொல்வார்.

ஜூலை 15, புதன்கிழமை. மழை விட்டிருந்தது. நான் போனபோது மேடம் அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்லி சற்றுத் தள்ளி, பேசாமல் நின்றிருந்தாள். மூக்கில் பிளாஸ்திரி இருந்தது. யார் ஒட்டியது என்று நான் கேட்கவில்லை. கதவு இன்னும் பூட்டியிருந்தது. மேடம் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ பண்ணு. இந்தத் தடவை நான் உள்ளே வரலை."

"ஏன் மேடம்?"

"அவ நேத்திக்குச் சொன்னதையே நெனச்சிண்டிருந்தேன். இதுலே நிறைய வரணும்னு சுவாமிகிட்டே வேண்டிண்டுட்டேன். இந்த வேலையிலே இதுவரைக்கும் நான் அப்படி வேண்டிண்டதே இல்லை. வேண்டிண்டவ கையாலே இதை எடை நிறுத்தா சரியா இருக்காது. ஒரு சிட்டிகை கூட விழறதுக்கு எனக்கே தெரியாம கை சாயும்."

ரோஸ்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அப்பம் நான்? நான் முட்டுகுத்தி நின்னு ஜெபம் பண்ணினேனே மேடமே" என்றாள்.

"நீயும் உக்காரு" என்று மேடம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

ரோஸ்லி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ?" என்றார் மேடம்.

நான் யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் தாலி அழுக்காக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். அது தாலியைப் பற்றியது, பையில் இருக்கும் சேற்றைப் பற்றியது இல்லை. அப்படியே சொன்னேன். மேடம் அதைச் சற்று நேரம் எடைபோட்டார். பிறகு தலையசைத்தார்.

அவர்கள் இருவரையும் வெளியே விட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சேற்றுப் பையைத் தொடுவதற்கு முன், முதல் வேலையாகத் தராசை வெறுமனே ஓடவிட்டு முள் நடுக்கோட்டில் வந்து நிற்கும் வரை காத்திருந்தேன்.